வடசென்னையிலிருந்து போல் டான்ஸ் கற்கப் போகிறவர்களுக்கு: தோளில் தொடங்கி உத்தரம் வரை

இரண்டு வருடம் முன்பு போல் டான்ஸ், அதாவது நட்டுவைத்த உலோகக் கம்பத்தில் ஏறி, சுழன்று, தொங்கும் ஆட்டம், கற்கச் சேர்ந்தேன். மூன்றாவது வகுப்பிலேயே என்னைத் தலைகீழாகப் போகச் சொன்னார்கள். "ஒரு குதி குதிச்சு காலை மேல வீசுங்க, தானா போயிடும்" என்றார் சொல்லிக்கொடுத்தவர். குதித்தேன், கால் மேலே போனது. அதே நேரத்தில் வலது தோளுக்குள் சுரீரென்று ஏதோ இழுத்தது. மறுநாள் காலை தலை சீவக் கை எழும்பவில்லை. ஏழு வாரம் ரவிக்கைக் கொக்கியை ஒரு கையால்தான் போட்டேன். தண்ணீர் லாரி வந்தால் குடத்தைத் தம்பிதான் தூக்கினான். பிசியோதெரபிக்குப் பத்து முறை போனேன், ஒரு முறைக்கு 400 ரூபாய்.

தோள் ஆறிய பிறகு வேறொரு இடத்தில் முதலிலிருந்து தொடங்கினேன். அங்கே முதல் மாதம் முழுக்க என் கால் தரையை விட்டு ஓரடிகூடப் போகவில்லை. இன்றைக்கு வலியில்லாமல் ஏறுகிறேன், தலைகீழாகத் தொங்குகிறேன், மெதுவாக இறங்குகிறேன். அந்த முதல் மாதப் பாடத்தை யாராவது எனக்கு முன்பே எழுதி வைத்திருந்தால் ஏழு வாரமும் 4,000 ரூபாயும் மிச்சமாகியிருக்கும். தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர், வியாசர்பாடி, பெரம்பூர் பக்கத்திலிருந்து கற்க நினைப்பவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நம் வீடும் நம் காற்றும் நம் பழக்கங்களும் இதில் நிறைய சம்பந்தப்படுகின்றன.

1. பணம் கட்டும் முன் உடம்பைக் கேளுங்கள்

கீழே சொல்வதில் ஏதாவது உங்களுக்கு இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் சேராதீர்கள்: உயர் ரத்த அழுத்தம், கண்ணில் நீர் அழுத்த நோய் அல்லது சமீபத்தில் கண் ஆபரேஷன், முன்பு தோள் மூட்டு கழன்ற அனுபவம், குடலிறக்கம், கழுத்து டிஸ்க் பிரச்சினை, கர்ப்பம். தலைகீழாகத் தொங்கும்போது கண்ணிலும் தலையிலும் அழுத்தம் கூடும், அதனால்தான் கண்ணைத் தனியாகச் சொல்கிறேன். சிசேரியன் ஆனவர்கள் வயிற்றுத் தசை சேர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு தொடங்குங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டு வராமல், "உடற்பயிற்சி செய்யலாம்" என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள். நல்ல ஸ்டூடியோ அதைக் கேட்கும்.

உடம்பு குண்டா ஒல்லியா, வயது முப்பதா நாற்பத்தைந்தா என்பதெல்லாம் தடையில்லை. என்னோடு சேர்ந்தவர்களில் என்னைவிடப் பதினைந்து கிலோ அதிகமாக இருந்தவர் எனக்கு முன்பே ஏறினார்.

2. ஸ்டூடியோவைத் தேர்ந்தெடுப்பது

நான் தேடியபோது நம் பக்கத்தில் எதுவும் அகப்படவில்லை, தெற்கே போக வேண்டியிருந்தது. மெட்ரோ இருப்பதால் அது முன்பு போல் பெரிய பயணமில்லை. விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டையில் ஏறினால் வண்டி மாறாமல் ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை, சைதாப்பேட்டை வரை போகலாம். அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய். பெரம்பூர், வியாசர்பாடிக்காரர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து மெட்ரோ பிடிக்கலாம். போக வர ஆகும் நேரத்தையும் காசையும் வகுப்புக் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நான் சேர்ந்தபோது தனி வகுப்புக்கு 900 ரூபாய், எட்டு வகுப்பு மொத்தமாக 6,000. மொத்தமாகக் கட்டுவது லாபம் போல் தெரியும். அந்த எட்டையும் எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று கேளுங்கள். முப்பது நாள் என்றால், மாதவிடாய், மழை, ஆபீஸ் எல்லாம் போக இரண்டு வகுப்பாவது வீணாகும். மழை கொட்டும் நவம்பரில் பேக்கேஜ் வாங்கவே வாங்காதீர்கள்.

முதலில் ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டிப் போய்ப் பாருங்கள். அங்கே கவனிக்க வேண்டியவை எனக்குத் தெரிந்து நான்கு. உடம்பைச் சூடாக்கும் பயிற்சி பதினைந்து நிமிடமாவது நடக்கிறதா. அதில் மணிக்கட்டும் தோளும் தனியாக வருகின்றனவா. ஒரு கம்பத்துக்கு எத்தனை பேர்? இரண்டு பேருக்கு மேல் என்றால் காசு முழுக்க வரிசையில் நிற்கத்தான். தலைகீழ் பழகுகிறவர்களுக்குக் கீழே விழுந்தால் தாங்கும் தடிமனான கிராஷ் மேட் கிடக்கிறதா, பக்கத்தில் ஆசிரியர் கைகொடுத்து நிற்கிறாரா. கடைசியாக, "நான் எப்போ தலைகீழாப் போகலாம்?" என்று நீங்களே கேளுங்கள். "இன்னைக்கே" என்றோ "ரெண்டாவது வாரம்" என்றோ பதில் வந்தால் வெளியே வந்துவிடுங்கள். "முதல்ல தொங்கிக் காட்டுங்க, பார்க்கலாம்" என்பவர்தான் உங்களுக்கான ஆசிரியர்.

சேரும்போது ஒரு படிவம் தருவார்கள். உடல்நிலை பற்றிய உறுதிமொழி, அடிபட்டால் யார் பொறுப்பு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, இவற்றோடு வீடியோ எடுத்து வெளியிட உங்கள் சம்மதம் என்று ஒரு வரி நடுவில் ஒளிந்திருக்கும். எனக்கு அந்த வரியில்தான் சிக்கல் வந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன், ஷார்ட்ஸ் போட்டுப் பயிற்சி செய்யும் என் வீடியோ என்னைக் கேட்காமலே வெளியே போய்விட்டது. அழிக்கச் சொல்லி நான்கு முறை கேட்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போடுங்கள், படிவத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீதும், சொன்ன தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்ற பதிலும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

3. உடை, நகை, எண்ணெய்

கம்பத்தைப் பிடிப்பது தோல்தான். லெக்கிங்ஸ் போட்ட கால் குரோம் கம்பத்தில் நிற்காது, வழுக்கிக் கீழே வரும். அதனால்தான் ஷார்ட்ஸ், கை இல்லாத பனியன். இதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தயங்குபவர்கள் நம் பக்கம் நிறைய பேர், எனக்குத் தெரியும். நான் வீட்டிலிருந்து சுடிதாரில் போய் அங்கே மாற்றிக்கொள்கிறேன். அம்மாவை ஒரு நாள் வகுப்புக்குக் கூட்டிப்போனேன். அரை மணி நேரம் பார்த்துவிட்டு, "இது கழைக்கூத்தாடிங்க பண்ற வேலைடி, உடம்புல தெம்பு இருந்தாத்தான் முடியும்" என்றார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் கேள்வி கேட்கவில்லை.

மோதிரம், வளையல், மெட்டி எல்லாம் கழற்ற வேண்டும். மெட்டி கம்பத்தைக் கீறும், விரலையும் வெட்டும். தாலிச் சங்கிலி தலைகீழாகும்போது முகத்துக்கு வந்துவிடும், கம்பத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் மாட்டினால் ஆபத்து. சிலர் ஊக்கு குத்தி உள்ளே வைக்கிறார்கள், அந்த ஊக்கு உடம்பில் ஏறும், செய்யாதீர்கள். ஒரு மணி நேரம் கழற்றி டப்பாவில் வைப்பதுதான் பாதுகாப்பு. அதற்கு மனம் ஒப்பாதவர்கள் தரையில் செய்யும் பயிற்சிகளோடும் சுழல்களோடும் நிற்கலாம். அதிலேயே ஒரு வருடம் கற்க விஷயம் இருக்கிறது.

எண்ணெய் விஷயம் யாரும் சொல்லித்தராதது. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்து வகுப்புக்குப் போனால் அது கழுத்து, தோள், உள்ளங்கை என்று இறங்கி நீங்கள் தொட்ட கம்பம் முழுக்கப் பூசப்படும். உங்களுக்கு அடுத்து பிடிப்பவர் விழுவார். வகுப்புக்கு முந்தின நாள் இரவிலிருந்தே எண்ணெயும் வேண்டாம், கைகால் கிரீமும் வேண்டாம். மல்லர் கம்பம் பழகிவிட்டு இங்கே வருபவர்கள் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே மரக்கம்பம், விளக்கெண்ணெய் தடவுவார்கள். இங்கே உலோகம், ஒரு சொட்டு எண்ணெயும் கூடாது. அவர்களுடைய தோள் வலு அப்படியே உதவும், பிடியை மட்டும் புதிதாகக் கற்க வேண்டும்.

4. வியர்வையும் பவுடரும்

கடற்கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வாழ்பவர்களுக்கு உள்ளங்கை எப்போதும் ஈரம். கத்திரி வெயிலில் பகல் வகுப்பு பிரயோஜனமில்லை, காலை ஏழு மணிக்குள் முடிவதாகப் பாருங்கள். ஏசி அறையில் வேறு தொல்லை: கம்பம் சில்லிட்டிருக்கும், சில்லிட்ட கம்பம் வழுக்கும். முதல் ஐந்து நிமிடம் அதைக் கையால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

பிடிப்புக்குத் தேவை மெக்னீசியம் கார்பனேட். ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களும் பளு தூக்குபவர்களும் கையில் தேய்க்கும் வெள்ளைத் தூள் அதுதான், திரவமாகவும் வருகிறது. நேரு ஸ்டேடியம் ஒட்டிய பெரியமேட்டு விளையாட்டுப் பொருள் கடைகளில் விசாரியுங்கள். டப்பாவின் மேல் பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒன்றில்லை. என் தம்பி நல்லெண்ணத்தில் கேரம் பவுடரைக் கொண்டுவந்து கொடுத்தான். கேரம் பவுடர் காய் வழுக்கிப் போகத்தான் போடுவது! முகப் பவுடரும் அதே கதை. முதல் சுழலில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் விட்டுப்போய் இடுப்பில் அடிபட்டேன்.

கம்பத்தைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணியும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும். அது சட்டெனத் தீப்பிடிக்கும் சரக்கு, சாமி விளக்கு எரியும் அறையிலோ அடுப்புப் பக்கத்திலோ பாட்டிலைத் திறக்காதீர்கள். கம்பி நாரும் பாத்திரம் தேய்க்கும் பவுடரும் குரோம் பூச்சைக் கீறிவிடும், கீறிய இடத்தில் நம் உப்புக் காற்றுக்குச் சீக்கிரம் துருப்புள்ளி வரும்.

5. முதல் மாதம்: தோள், தோள், தோள்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கையை மேலே தூக்கிக் கம்பத்தைப் பிடித்துச் சும்மா தொங்கினால் என்ன ஆகிறது? தோள் காதை ஒட்டி ஏறிவிடும். உடம்பின் எடை முழுவதும் தோள் மூட்டைச் சுற்றியுள்ள மெல்லிய தசைநார்களில் இறங்கும். அந்த நிலையில் காலை வீசினால் இழுபடுவது அந்த நார்கள்தான். எனக்கு நடந்தது அதுவே.

சரியான பிடி இப்படி. கம்பத்தின் பக்கத்தில் நில்லுங்கள். உள்பக்கக் கையை, அதாவது கம்பத்தை ஒட்டிய கையை, தலைக்கு மேல் நீட்டிப் பிடியுங்கள். இப்போது கையை மடக்காமல், தோளை மட்டும் காதிலிருந்து கீழே இறக்குங்கள். முதுகில் சிறகு மாதிரி நிற்கும் தோள்பட்டை எலும்பை எதிர்ப்பக்கப் பேன்ட் பாக்கெட்டுக்குள் சொருகுவதாக நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அப்படிச் சொல்லித்தான் புரிய வைத்தார்கள். அக்குளுக்குக் கீழே, விலாவை ஒட்டிய பெரிய தசை கல்லாக இறுகும். மற்றொரு கையால் தொட்டுப் பாருங்கள். இறுகியிருந்தால் சரி, மெத்தென்றிருந்தால் இன்னும் தோளில்தான் தொங்குகிறீர்கள். இறுகிய பிறகுதான் பாதத்தின் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். முதலில் நுனிக்கால், பிறகு ஒரு கால், பிறகு ஒரு நொடி இரண்டு காலும்.

வகுப்பில்லாத நாளில் இதைப் பூங்காவிலோ மாநகராட்சி உடற்பயிற்சிக் கூடத்திலோ உள்ள புல்-அப் கம்பியில் செய்யலாம். கம்பியில் தொங்கி, கை மடங்காமல் தோளை மட்டும் இறக்கி ஏற்றுவது. எட்டு முறை, மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள். நான் ஐந்து முறையில்தான் தொடங்கினேன். குத்துச்சண்டை பழகும் பையன்கள் நிறைந்த கூடமாக இருந்தாலும் தயங்காதீர்கள். நான் போன இடத்தில் அவர்கள்தான் மணிக்கட்டுக்குத் துணி சுற்றக் கற்றுக்கொடுத்தார்கள்.

நான் என்னிடம் கேட்டுக்கொள்ளும் அளவுகோல்: தோள் இறங்கிய நிலையில் இருபது நொடி தொங்க முடிகிறதா? முட்டியை மார்புவரை மடக்கிக் கம்பத்தில் ஐந்து நொடி, வலது இடது இரண்டு பக்கமும் நிற்க முடிகிறதா? இல்லையென்றால் அடுத்த படிக்குப் போகாதீர்கள். எனக்கு இதற்கு ஐந்து வாரம் ஆனது.

இரண்டு பக்கமும் என்று சொன்னேன். அதையும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் நான்கு முறை செய்தால் இடது பக்கமும் நான்கு, அசிங்கமாக வந்தாலும் சரி. ஒரு பக்கமே செய்பவர்களுக்கு நாளடைவில் முதுகு ஒருபக்கம் இழுக்க ஆரம்பிக்கலாம்.

6. முதல் மூன்று அசைவுகள்

நிலையான கம்பம், சுழலும் கம்பம் என்று இரண்டு வகை. முதல் சில மாதம் நிலையான கம்பத்திலேயே இருங்கள். சுழலும் கம்பத்தில் தலை சுற்றும்போது தோளைக் கவனிக்க முடியாது.

ஃபயர்மேன் ஸ்பின்: எல்லாரும் முதலில் கற்பது. உள்கை மேலே, வெளிக்கை மார்பு உயரத்தில். நுனிக்காலில் கம்பத்தைச் சுற்றி இரண்டு எட்டு நடந்து, வெளிக்காலை அகலமாக வீசி, அந்த வேகத்திலேயே இரண்டு முட்டியையும் கம்பத்துக்குக் கொண்டுவந்து கவ்வ வேண்டும். மேல்கை கீழ்நோக்கி இழுக்கும், கீழ்க்கை கம்பத்தைத் தள்ளும். புதியவர்கள் செய்யும் தவறு குதிப்பது. குதித்தால் எடை திடீரென்று தோளில் விழும். வேகம் காலின் வீச்சிலிருந்து வர வேண்டும். தரையில் இறங்கும்போது சத்தம் கேட்டால் இன்னும் கட்டுப்பாடு வரவில்லை.

கிளைம்ப், அதாவது ஏற்றம்: தென்னை மரம் ஏறுபவரை நினைத்து இங்கே ஏறாதீர்கள், கால் வைக்கும் முறையே வேறு. வலது பாதத்தை உங்கள் பக்கம் மடக்கி, பாதத்தின் மேல்பக்கம் கம்பத்துக்கு இடதுபுறம், முட்டி வலதுபுறம், நடுவில் முன்கால் எலும்பு கம்பத்தின் மேல் சாய்வாக அழுந்தும்படி வையுங்கள். இடது கால் பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலால் கம்பத்தை அழுத்தும். கம்பம் இரண்டு காலுக்கும் நடுவில் சிக்கியிருக்கும். இனி எழுந்து நிற்பது தொடையின் வேலை. நின்ற பிறகு கையை மேலே மாற்றி, வயிற்றை இறுக்கி முட்டிகளை மேலே கொண்டுவந்து மறுபடி கவ்வி, மறுபடி நிற்க வேண்டும். கையால் இழுத்து ஏறினால் இரண்டு ஏற்றத்தில் முழங்கையின் உள்பக்கம் வலிக்கும். அந்த வலி வந்துவிட்டால் மாதக்கணக்கில் போகாது. முன்கால் எலும்பும் பாதத்தின் மேல்பக்கமும் முதல் மூன்று வாரம் எரியும், அது பழகிவிடும்.

போல் சிட்: ஏறி நின்ற இடத்தில் இரண்டு தொடைகளையும் நீட்டி, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போட்டுக் கவ்வி உட்காருவது. இங்கே வலி உள்தொடையின் மேல்பகுதியில், கிள்ளி முறுக்கினாற்போல் இருக்கும். தொடையை எவ்வளவு மேலே, இடுப்பை ஒட்டி வைக்கிறீர்களோ அவ்வளவு குறையும். முதல் நாள் மூன்று நொடி போதும், இறங்கிவிடுங்கள். மூச்சை அடக்காதீர்கள், வலிக்கும்போது எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். ஒரு கையை விடுவது அடுத்த வாரம். இரண்டு கையையும் விடும் நாள் வரும்போது, தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் தொடை மட்டும் பிடித்திருக்க நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள், அந்த நிமிடத்துக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் மெட்ரோ ஏறலாம்.

7. தலைகீழ்

ஐந்தாம் பகுதியில் சொன்ன அளவுகோல் தாண்டியிருந்தால், ஆசிரியர் பக்கத்தில் இருந்தால், கீழே மேட் இருந்தால் மட்டும். கம்பம் அக்குள் பக்கம் ஒட்டியிருக்க, கைகள் தாடை உயரத்தில், தோள் இறங்கியபடி. முட்டியை மடக்கி மார்புக்கு, பிறகு தலையைப் பின்னால் சாய்க்கச் சாய்க்க இடுப்பு மேலே வரும், கடைசியில் கால் விரியும். எந்த இடத்திலும் உதை கிடையாது. உதைத்தால்தான் வருகிறது என்றால் இன்னும் வரவில்லை என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது இறங்கும் பயிற்சி: ஆசிரியர் உதவியோடு மேலே போய், ஐந்து எண்ணி மெதுவாகக் கீழே வருவது. ஏறும் வலு இறங்கும்போதுதான் வளர்கிறது.

மேல்கையை முறுக்கிப் பிடிக்கும் ஒரு பிடி உண்டு, வீடியோக்களில் அழகாகத் தெரியும். தோளை மோசமான கோணத்தில் வைப்பது அது. முதல் வருடம் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

8. காயம், ரத்தக்கட்டு

உள்தொடையிலும் முட்டிக்குப் பின்னாலும் கத்திரிக்காய் நிறத்தில் ரத்தம் கட்டும். ஓரிரு வாரத்தில் மஞ்சளாகி மறையும். எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் என்னைத் தனியாக மாடிக்குக் கூப்பிட்டு, "வீட்ல ஏதாவது பிரச்சினையாம்மா? எங்கிட்ட சொல்லு" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே அவரிடம் வீடியோவைக் காட்டினேன். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

தோல் எரிவு, ரத்தக்கட்டு, தசை வலி இவை வரும் போகும். மூட்டுக்குள் குத்தல், கையில் மரமரப்பு, இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாத வலி இவற்றில் ஒன்று வந்தால் அன்றோடு நிறுத்துங்கள். "இன்னும் ரெண்டு கிளாஸ்ல சரியாயிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தனியார் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறது, எலும்பு மூட்டுப் பிரிவு உண்டு. புறநோயாளிச் சீட்டு காலையில் போட வேண்டும், ஆதாரும் போன் நம்பரும் கையில் இருக்கட்டும். இரண்டு வகுப்புக்கு நடுவில் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாமல் கம்பத்தைத் தொடாதீர்கள்.

9. வீட்டில் கம்பம் மாட்டுவது

ஆறு மாதம் வகுப்புக்குப் போன பிறகு இதை யோசியுங்கள். அதற்கு முன் வீட்டில் தனியாகப் பழகினால் தவறுகள்தான் உடம்பில் பதியும்.

முதலில் மேலே பாருங்கள். வீட்டுக் கம்பங்கள் பெரும்பாலும் தரைக்கும் கூரைக்கும் நடுவில் அழுத்தத்தில் நிற்பவை, ஆணி ஸ்க்ரூ கிடையாது. அதனால் கூரை அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டும். கான்கிரீட் தளம் என்றால் சரி. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் மர உத்தரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் இருக்கும். அதில் மாட்டவே மாட்டாதீர்கள், செங்கல் பெயர்ந்து தலையில் விழும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், பிளாஸ்டர் ஃபால்ஸ் சீலிங் இரண்டுக்கும் இதே பதில். கான்கிரீட்டிலும் கம்பி துருத்திக்கொண்டு பூச்சு உதிரும் இடம் இருந்தால் வேண்டாம்.

பிறகு உயரம். பெட்டியில் வரும் கம்பம் பொதுவாக 9 அடி, அதாவது 2,745 மில்லிமீட்டர் வரைதான் எட்டும். நம் வீடுகள் பல 10 அடி. கூடுதல் துண்டு தனியாக வாங்க வேண்டும். அளக்காமல் வாங்கிவிட்டு அந்தத் துண்டுக்காக நான் இன்னொரு மாதம் காத்திருந்தேன்.

மூன்றாவது, ஃபேன். நம் அறைகளில் நடுவில்தான் ஃபேன் தொங்கும். 48 அங்குல ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து இரண்டடி நீளும், உங்கள் கால் கம்பத்திலிருந்து ஐந்தடி வீசும். ஆக இரண்டுக்கும் நடுவில் ஏழடி வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அது நடக்காது. ஃபேனைக் கழற்றிவிட்டு, சுவர் ஃபேன் போட்டுக்கொண்டேன். சுற்றிலும் ஐந்தடிக்குள் பீரோ, டிவி, கட்டில் முனை எதுவும் கூடாது.

தரையைத் தட்டிப் பாருங்கள். டைல்ஸுக்கு அடியில் பொள்ளல் சத்தம் வந்தால் அழுத்தத்தில் வெடிக்கும், வேறு இடம் பாருங்கள். வாடகை வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியும் போதும். கூரையில் வட்டமாக ஒரு தடம் விழும். அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்களா என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

கம்பத்தின் விட்டம் 45 மில்லிமீட்டர் வாங்குங்கள், போட்டிகளிலும் ஸ்டூடியோக்களிலும் புழங்குவது அதுதான். கடையில் சொல்வதை நம்பாமல் ஒரு நூலைச் சுற்றி அளந்து பாருங்கள்: 14.1 சென்டிமீட்டர் வந்தால் 45. 15.7 வந்தால் அது 50, சின்னக் கைகளுக்குப் பிடி நிற்காது. குரோம் பூச்சுக்கு அடியில் நிக்கல் இருக்கும். கவரிங் நகை போட்டால் தோல் அரிப்பவர்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எடுங்கள். பித்தளை நன்றாகப் பிடிக்கும், ஆனால் நம் காற்றுக்குச் சீக்கிரம் கறுக்கும்.

மாடிப்படிக் கைப்பிடி செய்யும் வெல்டிங் பட்டறையில் எஸ்எஸ் பைப் வாங்கி மாட்டலாம் என்று யோசனை வரும். எனக்கும் வந்தது. அந்த பைப்புகள் ஒன்றரை அங்குலம் அல்லது இரண்டு அங்குலம், 45 கிடையாது. தகடு மெல்லிசு, ஆள் எடை சுழலும்போது தாங்க வடிவமைத்ததில்லை. மூட்டிய இடத்தில் வெல்டிங் விட்டால் நீங்கள் தலைகீழாக இருக்கும்போதுதான் விடும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கூரியர்காரர்கள் சுங்கத்துக்காக ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகலும் விலைப்பட்டியலும் கேட்பார்கள். பெயரும் முகவரியும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எனக்கு ஆதாரில் பழைய முகவரி இருந்ததால் பெட்டி ஒன்பது நாள் நின்றது. கம்பம், கூடுதல் துண்டு, அனுப்பும் செலவு, சுங்க வரி, மேட் எல்லாம் சேர்த்து எனக்கு 48,000 ரூபாய் ஆனது. மேட்டை விட்டுவிட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். வீட்டு மெத்தை அதற்குப் பதிலாகாது, கால் புரண்டு கணுக்கால் போகும்.

மாட்டும் நாளில் கொத்தனாரிடம் ஒரு ரசமட்டம் இரவல் வாங்கி, கம்பத்தின் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். பிறகு கூரையில் கம்பத்தின் தலைத்தட்டைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் அந்தக் கோட்டைப் பாருங்கள். தட்டு கோட்டிலிருந்து ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் அன்றைக்கு ஏறாமல், கழற்றித் திரும்ப இறுக்குங்கள். நகரவில்லை என்றால் இரண்டு கையாலும் பிடித்து நான்கு பக்கமும் உலுக்கிப் பார்த்துவிட்டு, வீட்டில் இன்னொருவர் இருக்கிறாரா என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு, தோளை இறக்கித் தொடங்குங்கள்.